ஊசியா, க்ரீமா, லேசரா? முதல்ல உங்க சுருக்கம் எந்த வகைன்னு பாருங்க



போன எபிசோட்ல வீட்டுல பயன்படுத்துற ஸ்கின்கேர் கருவிகளைப் பத்திப் பேசினோம். அதைக் கேட்டுட்டு கெல்லிவில்ல இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தாங்க: "தம்பி, டிசம்பர்ல சென்னையில கல்யாணம். போட்டோ எடுத்தா நெத்திக் கோடு பளிச்னு தெரியுது. ஊசின்னா எனக்குப் பயம், அதனால லேசர் பண்ணிக்கலாம்னு இருக்கேன். அது சேஃப்தானே?"

இதுக்கு ஒரு வரியில பதில் சொல்ல முடியலை. ஏன்னா கேள்விக்குள்ளயே ரெண்டு தப்புக் கணக்கு இருக்கு. ஊசியும் லேசரும் ஒரே வேலையைத்தான் செய்யும்னு நினைக்கிறது ஒண்ணு. ஊசி இல்லைன்னா ஆபத்தும் இல்லைன்னு நினைக்கிறது இன்னொண்ணு.

கண்ணாடி முன்னாடி ஒரு நிமிஷம்

முகத்தைத் தளர்வா வச்சுக்கிட்டு கண்ணாடியைப் பாருங்க. அப்புறம் புருவத்தைத் தூக்குங்க, முறைச்சுப் பாருங்க, சிரிங்க. அசையும்போது மட்டும் வர்ற கோடு தசையால வருது. அசையாதபோதும் இருக்கிற மெல்லிய சுருக்கம், சொரசொரப்பு, திட்டு இதெல்லாம் தோலோட பிரச்சினை; இதுல பெரும்பங்கு வெயிலுக்கு. மூக்கோரத்துல இருந்து வாய்க்கு இறங்குற மடிப்பும் கன்னப் பள்ளமும், உள்ளே சதை குறைஞ்சு இறங்குறதால வர்றது. மூணு காரணம், மூணு தனித்தனித் தீர்வு.

ஊசி என்ன செய்யுது?

தசையைச் சுருங்கச் சொல்லி நரம்பு அனுப்புற செய்தி, அசிடைல்கோலின் என்ற ரசாயனமாப் போகுது. பொட்டுலினம் டாக்சின் அந்த ரசாயனத்தை வெளியே விடுற புரதத்தை வெட்டிடும். போன் ஆன்ல இருக்கு, ஆனா நெட்வொர்க் இல்லை, அந்த மாதிரிதான். சில நாள்ல வேலை செய்ய ஆரம்பிச்சு, ரெண்டு வாரத்துல முழுப் பலன் தெரியும். நரம்பு மறுபடி இணைப்பைச் சரிபண்ணிக்கும், அதனால மூணு நாலு மாசத்துல பழைய நிலைக்கு வந்துடும்.

இது முதல்ல கண் வைத்தியத்துக்கு வந்த மருந்து. கனடாவோட வான்கூவர்ல கண் மருத்துவர் ஜீன் கரூதர்ஸ், இமைத் துடிப்புக்கு இதைப் போட்டப்போ நோயாளிகளோட முறைப்புக் கோடும் மறையுதுன்னு கவனிச்சார். தோல் மருத்துவரான கணவர் அலஸ்டேர் கரூதர்ஸோட சேர்ந்து 1992-ல ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அமெரிக்காவின் எஃப்டிஏ அழகுப் பயன்பாட்டுக்கு அனுமதி கொடுத்தது 2002-ல.

அடுத்தது ஃபில்லர். பெரும்பாலும் ஹையலூரானிக் ஆசிட் ஜெல். தசையை அது தொடாது, பள்ளத்தை நிரப்பும். பிடிக்கலைன்னா ஹையலூரனிடேஸ் என்ற நொதியை வச்சுக் கரைக்கலாம். ஆனா ஜெல் ரத்தக் குழாய்க்குள்ள போயிட்டா தோல் செத்துப்போகலாம். அரிதா, பார்வையே போகலாம். போட்ட பிறகு கடும் வலி, தோல் வெளுப்பு, பார்வைக் குழப்பம் எது வந்தாலும் காலையில பார்த்துக்கலாம்னு தள்ளிப்போடக் கூடாது. உடனே எமர்ஜென்சி.

பொட்டுலினத்துல அடிக்கடி பேசப்படுற பக்கவிளைவு, சில வாரம் இமை தொங்குறது. கர்ப்பிணிகளுக்கும், தாய்ப்பால் கொடுக்கிறவங்களுக்கும், மையஸ்தீனியா மாதிரி நரம்பு–தசை நோய் உள்ளவங்களுக்கும் இது வேண்டாம்.

ஊசி இல்லாதது என்ன செய்யுது?

"ஊசிக்குச் சமம்"னு விளம்பரம் பண்ற க்ரீம் நிறைய இருக்கு. பொட்டுலினம் ஒரு பெரிய புரத மூலக்கூறு, சும்மா தடவினா தோலைத் தாண்டித் தசைக்குப் போகாது. வேற பொருள் போட்ட க்ரீம் அந்தத் தசையை அதே மாதிரி நிறுத்தாது. தோலோட தரத்தை மாத்துறதுதான் க்ரீமோட வேலை.

அதுல நல்ல ஆதாரம் உள்ளது டிரெட்டினோயின். இங்கே ஆஸ்திரேலியாவுல டாக்டர் எழுதிக் கொடுத்தாத்தான் கிடைக்கும். ஃபார்மசியில நேரா வாங்குற ரெட்டினால் அதோட மென்மையான தம்பி. ரெண்டுக்குமே மாசக்கணக்குல பொறுமை வேணும். கர்ப்ப காலத்துல ரெண்டும் கூடாது.

இன்னும் மலிவான விஷயம் சன்ஸ்க்ரீன். குயின்ஸ்லாந்தின் நாம்பூர்ல 55 வயசுக்குக் கீழே 903 பேரை வச்சு 1992 முதல் 1996 வரை ஒரு சோதனை நடந்தது. புறங்கையில சிலிக்கான் அச்சு எடுத்துத் தோலை அளந்தாங்க. தினமும் போட்டவங்களுக்கு, தோணினப்போ மட்டும் போட்டவங்களை விட 24 சதவீதம் குறைவான முதுமை. 2013-ல வெளியான முடிவு இது. அதுல இருந்தவங்க பெரும்பாலும் வெள்ளைக்காரங்க. நம்ம தோல்ல சுருக்கம் லேட்டாத்தான் வரும், ஆனா கருந்திட்டு முந்திக்கும். ரெண்டுக்கும் காரணம் வெயில்தான். சிட்னியில யூவி இன்டெக்ஸ் 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேணும். கோடையில அது 11-ஐத் தாண்டுது.

லேசர்ல நம்ம நிறம் முக்கியம்

லேசர் தோலுக்குள்ள கட்டுப்பாடான சூட்டைக் கொடுத்துப் புது கொலாஜனை வளர வைக்குது. ஆனா பல லேசர்களோட ஒளியை மெலனினும் உறிஞ்சிக்கும். மாநிறத் தோல்ல மெலனின் அதிகம், அதனால சூடு மேல்தோல்லயே தங்கும். விளைவு தீக்காயம், இல்லைன்னா மாசக்கணக்குல போகாத கருமை. சுருக்கம் போக்கப் போய் திட்டோட கல்யாணத்துக்குப் போறதுல என்ன லாபம்?

அலைநீளம் கூடக்கூட மெலனின் உறிஞ்சுறது குறையும். அதனால 755 நானோமீட்டர் லேசரை விட 1064 நானோமீட்டர் லேசர் நமக்குப் பாதுகாப்பு அதிகம். ரேடியோ ஃப்ரீக்வென்சி கருவி மின்சாரத்தால சூடாக்குது, நிறத்தை அது பார்க்காது. கிளினிக்ல மூணு கேள்வி கேளுங்க: எந்த அலைநீளம்? என் நிறத்துல எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க? முதல்ல சின்ன இடத்துல டெஸ்ட் பண்ணுவீங்களா? மழுப்பினா வெளியே வந்துடுங்க. கெமிக்கல் பீலுக்கும் இதே எச்சரிக்கை.

விளம்பரமே ஒரு அறிகுறி

பொட்டுலினமும் ஃபில்லரும் இங்கே ஷெட்யூல் 4, அதாவது பரிந்துரை மருந்து. பொதுமக்களுக்கு அதை விளம்பரம் பண்ண டிஜிஏ அனுமதிக்கிறதில்லை. அதனாலதான் ஒழுங்கான கிளினிக் வெப்சைட்ல அந்தப் பெயரைப் பார்க்க முடியாது. "இந்த வீக்கெண்ட் ஸ்பெஷல், வீட்டுக்கே வந்து போடுறோம்"னு வாட்ஸ்அப் குரூப்ல வந்தா, அதுவே தப்பு நடக்குதுன்னு அர்த்தம். 2024-ல அமெரிக்காவுல போலி பொட்டுலினம் போட்டுக்கிட்டுப் பல மாநிலங்கள்ல ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க.

2025 செப்டம்பர் 2-ல இருந்து ஆப்ராவின் புது வழிகாட்டி நடைமுறையில இருக்கு. ஒவ்வொரு தடவை எழுதிக் கொடுக்கும்போதும், மருந்து எழுதுறவர் உங்ககிட்ட நேர்லயோ வீடியோவிலயோ பேசியாகணும். பேசாம ஊசியை எடுத்தா நீங்க எழுந்திருங்க.

இப்போ அக்காவோட கேள்விக்கு

கண்ணாடி டெஸ்ட் பண்ணிப் பார்த்துச் சொன்னாங்க: புருவம் தூக்கினாத்தான் கோடு வருதாம். அப்படின்னா லேசர் அதுக்குச் சரியான கருவி இல்லை. பணமும் போகும், தோலுக்கு ரிஸ்க்கும் வரும், புருவம் தூக்கும்போது கோடு அங்கேயேதான் இருக்கும். அந்தக் கோட்டுக்கு நேரடியா வேலை செய்றது ஊசிதான். போடுறதா இருந்தா முதல்ல ஜிபியைப் பாருங்க. கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே போட்டுக்கோங்க, ஏதாவது சரியில்லைன்னா சமாளிக்க நேரம் இருக்கும்.

ஊசி பயம்னா பண்ணாம விடுறதும் நல்ல முடிவுதான் அக்கா. இன்னைக்கே சன்ஸ்க்ரீன் ஆரம்பிங்க, போட்டோ எடுக்கும்போது நல்லாச் சிரிங்க. சிரிக்கிறப்போ யாரும் நெத்தியைப் பார்க்கிறதில்லை.

உங்க கேள்வி இருந்தா இந்த மெயிலுக்கே பதில் போடுங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.