நாம் காணாத நற்சான்று

பெண் கொடுக்குமுன்பும் எடுக்குமுன்பும் அயலில் விசாரிக்கும் வழக்கம் நம் கிழக்குக் கரையூர்களுக்குப் புதியதன்று. பாலமுனையின் தேநீர்க் கடையில் வந்தமர்ந்து, "இன்னாருடைய மகன் எப்படி?" என்று கேட்பவரை ஊர் அறியும், பதில் கூறுபவரையும் ஊர் அறியும். கூறிய சொல் பிழையாயின் மறுநாளே அதனைத் திருத்தவும் ஆள் உண்டு.

இக்காலத்திலோ விசாரிப்பது ஒரு தொழிலாகிவிட்டது. ஆள் சேர்க்கும் கம்பனிகள், விண்ணப்பதாரியின் கல்வி, முன்னைய தொழில், கடன், வழக்கு முதலியவற்றைச் சரிபார்க்கும் பொறுப்பை அதற்கென்றே அமைந்த நிறுவனங்களிடம் ஒப்படைக்கின்றன. கேட்டவர் யார், சொன்னவர் யார், எழுதப்பட்டது யாது என்பவற்றை விண்ணப்பதாரி பெரும்பாலும் அறிவதில்லை.

இதனால் வரும் கேட்டினை நாம் நேரிலே கண்டோம். அதில் நமக்கும் பங்குண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாலைப் பொழுதில், அத்தகைய நிறுவனமொன்றிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவரின் பெயரைச் சொல்லி, அவரது ஒழுங்கு எப்படி என்று வினவினர். "கெட்டிக்காரர், ஆனால் பாடசாலைக்கு ஒழுங்காக வருவதில்லை" என்றோம். பிறந்த திகதியை அவர்கள் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. இரவு உணவுக்கு அமர்ந்தபோதுதான் அவ்வகுப்பில் அதே பெயரில் இருவர் பயின்றமை நினைவுக்கு வந்தது. வராதவர் வேறொருவர். வேலைக்கு விண்ணப்பித்தவரோ மழை நாளிலும் தவறாது வந்த பிள்ளை.

காலையில் அதே எண்ணுக்கு அழைத்துத் தவற்றைக் கூறினோம். "அறிக்கை அனுப்பியாகிவிட்டது, சேர்" என்பதே பதில். அப்பிள்ளைக்கு அவ்வேலை கிடைக்கவில்லை. நம் சொல்தான் காரணமா என்பதை அவரும் அறியார், நாமும் அறியோம். வீடு தேடிச் சென்று நடந்ததை ஒப்புக்கொண்டபோது, "பரவாயில்லை சேர்" என்றார். ஏசியிருந்தால் நம் மனம் ஆறியிருக்கும்.

நம்மவர் பெயர்களில் இத்தகைய மயக்கம் எளிதில் நேரும். 'முகம்மது' என்று தொடங்கும் பெயர்கள் ஒரு வகுப்பிலேயே பல இருக்கும். அதே பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் கடவுச்சீட்டில் வேறுவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். தந்தையின் பெயரை முதலெழுத்தாகக் கொள்வது இந்துக்களாகிய நம்மிடையேயும் உள்ள வழக்கமே. அதனைக் குடும்பப் பெயரெனக் கருதும் அயல்நாட்டார், மகனைத் தேடித் தந்தையைக் கண்டெடுப்பதும் உண்டு.

பெரிய நிறுவனங்களும் இப்பிழைக்கு விலக்கல்ல. 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சேர்ஜியோ ராமிரெஸ் என்பவர் மோட்டார் கார் வாங்கச் சென்றார். டிரான்ஸ்யூனியன் என்னும் கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கை, அவரது பெயர் பயங்கரவாதிகள் முதலியோரைக் கொண்ட அரசாங்கப் பட்டியலிலுள்ள பெயரோடு பொருந்துவதாகக் கூறியது. கடைக்காரர் அவருக்குக் கார் விற்க மறுத்தார். அந்நிறுவனம் ஒப்பிட்டுப் பார்த்தது முதற் பெயரையும் கடைசிப் பெயரையும் மட்டுமே. பிறந்த திகதியை அன்று. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று 2021இல் தீர்ந்தது. அவ்வழக்கில் அடங்கியோர் 8,185 பேர். அவர்களுள் பிழையான அறிக்கை பிறர் கைக்குச் சென்ற 1,853 பேருக்கே இதன்பொருட்டு நட்டஈடு கோரும் உரிமை உண்டென நீதிமன்றம் கூறிற்று.

அப்படியாயின் எல்லா விவரங்களையும் கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிடலாமா? அதுவும் ஆபத்தே. நம் பழைய தேசிய அடையாள அட்டையின் எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாம் நாள் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்படும். 95532 என்று தொடங்கினால், 1995 பெப்ரவரி முதலாந் திகதி பிறந்த பெண் என்று அறியலாம். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க எண்ணிலும் இம்முறையே உள்ளது. ஆகவே, கடையில் பிரதியெடுத்து மேசையில் மறந்துவந்த ஒரு தாள் நம்மைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடும். இத்தகைய விவரங்களைத் திரட்டி வைப்போரிடமும் கதவு திறந்து கிடப்பதுண்டு. நஷனல் பப்ளிக் டேட்டா என்னும் அமெரிக்கப் பின்னணி விசாரணை நிறுவனத்திலிருந்து பெயர், முகவரி, சமூகப் பாதுகாப்பு எண் முதலியன அடங்கிய கோடிக்கணக்கான பதிவுகள் களவு போனமை 2024இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் அந்நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது.

வேலை வழங்குவோன் விசாரிப்பது குற்றமன்று. பணப்பெட்டியை ஒப்படைக்குமுன் ஆளை அறிய விரும்புவது நியாயமே. ஆனால் எழுதப்பட்டது எவரைப் பற்றியதோ, அவர் அதனைக் காணவும் திருத்தவும் வழியிருத்தல் வேண்டும். அமெரிக்காவில் 1970இல் இயற்றப்பட்ட சட்டமும் அதன் திருத்தங்களும், விண்ணப்பதாரியின் எழுத்துமூலச் சம்மதத்தைப் பெற்ற பின்னரே இத்தகைய அறிக்கையைப் பெறுமாறும், அதன்பேரில் வேலையை மறுக்குமுன் அதன் பிரதியை அவருக்குக் கொடுக்குமாறும் விதிக்கின்றன. நம் நாட்டில் 1990ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த கொடுகடன் தகவல் பணியகத்திடம் நமது கடன் அறிக்கையை நாமே கேட்டுப் பெறலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தன்னைப் பற்றிய விவரத்தைப் பார்க்கவும் திருத்தக் கோரவும் உரிமையை வகுத்துள்ளது. படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு அமைந்த இச்சட்டத்தில், 2025 மார்ச்சில் தொடங்கவிருந்த பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன. உரிமை ஏட்டில் எழுதப்பட்டால் மட்டும் போதாது என்பதற்கு இதுவே சான்று.

ஆகவே மாணவர்களே, வேலை விண்ணப்பத்தில் கையொப்பமிடுமுன் சம்மதப் பகுதியை வாசியுங்கள். எவரிடம், எதனை விசாரிப்பார்கள் என்று கேளுங்கள். வேலை மறுக்கப்பட்டால் அறிக்கையின் பிரதியைப் பணிவோடு கோருங்கள். அடையாள அட்டைப் பிரதியின் மீது அது எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று எழுதி, திகதியும் இடுங்கள். சான்று எழுதும் அதிபர், ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: தொலைபேசியில் கேட்டவருக்கு உடனே பதில் கூறாதீர்கள்.

நாமும் அன்று முதல் அவ்வாறே செய்து வருகிறோம். எவர் கேட்டாலும் எழுத்திலேயே கேட்கச் சொல்கிறோம். முழுப் பெயரும் பிறந்த திகதியும் கண்டு, மாணவருக்கு அறிவித்த பின்னரே எழுதுகிறோம். எழுதியதன் பிரதி ஒன்றை முதலில் அவர் கையிலே கொடுக்கிறோம். அவர் அதை வாசித்து முடிக்கும்வரை நாம் உறையை ஒட்டுவதில்லை.