ரெண்டு கணக்குப்பிள்ளை, ஒரு ஆபீஸ்

அசைன்மெண்ட், பரீட்சைன்னு ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை மக்களே. இன்னைக்கு எழுத உட்கார்ந்ததும் சந்தோஷமான விஷயத்துக்காக இல்லை.

டெக்சஸ்ல நாங்க இருக்கிற வீட்டுல மூணு பேர். ரெண்டு பேர் மாஸ்டர்ஸ் படிக்கிறோம். மூணாவது ஆள் எங்க சீனியர், கோவில்பட்டிக்காரர். நாலு வருஷமா ஒரு நடுத்தர சாஃப்ட்வேர் கம்பெனியில வேலை. சாம்பார் வைக்கிறதுல இருந்து வரிக்கணக்கு காட்டுறது வரைக்கும் எங்களுக்கு அவர்தான் குரு. அண்ணேன்னுதான் கூப்பிடுவோம்.

போன வருஷம் அவங்க கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கிடுச்சு. ஊருக்கு போன் பண்ணிச் சொன்னார். அம்மாவுக்கு ஒரே பெருமை. "எம்புள்ள இப்ப பெரிய கம்பெனில"ன்னு தெரு முழுக்கச் சொல்லியாச்சு. அப்பா மட்டும் "சரிப்பா, நல்லது"ன்னு போனை அம்மா கையில கொடுத்துட்டாராம். அவர் ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல முப்பது வருஷம் கணக்குப்பிள்ளையா இருந்து ஓய்வு பெற்றவர்.

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில பதினஞ்சு நிமிஷ மீட்டிங். அது முடியுறதுக்குள்ள அண்ணனோட லேப்டாப் பூட்டிக்கிச்சு. காரணம் கேட்டா "உங்க வேலையில குறை எதுவும் இல்லை, இதே வேலைக்கு அங்கே ஏற்கெனவே ஒரு டீம் இருக்கு"ன்னு பதில். மூணு மாசம் முன்னாடிதான் நல்ல ரேட்டிங்கும் போனஸும் கொடுத்திருந்தாங்க!

எனக்குக் கேம் கிராஃபிக்ஸ்ல வேலைக்குப் போகணும்னு ஆசை. அதனால இந்தக் கதை அந்தத் துறையில எப்படி இருக்குன்னு ரெண்டு ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். படிச்சதும் தூக்கம் போச்சு.

மைக்ரோசாஃப்ட், ஆக்டிவிஷன் பிளிஸார்டை வாங்கப் போறதா 2022 ஜனவரியில அறிவிச்சது. ஒரு பங்குக்கு 95 டாலர், மொத்தம் 6,870 கோடி டாலர். கேம் துறையில அதுவரைக்கும் நடந்த பேரங்கள்லயே பெரிசு இதுதான். அமெரிக்காவுல வழக்கு, பிரிட்டன்ல தடைன்னு இழுத்து, 2023 அக்டோபர் 13ல கை மாறிச்சு. 104வது நாள், அதாவது 2024 ஜனவரி 25 அன்னைக்கு, 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பப் போறதா அறிவிப்பு வந்துச்சு. மைக்ரோசாஃப்டோட கேம் பிரிவுல அப்போ மொத்தமே 22,000 பேர்தான். பிளிஸார்டுல ஆறு வருஷமா செஞ்சிட்டிருந்த ஒரு கேமும் அதோட குப்பைக்குப் போச்சு. அதே வாரம் மைக்ரோசாஃப்டோட சந்தை மதிப்பு 3 லட்சம் கோடி டாலரைத் தொட்டது. அப்போ நஷ்டத்துனாலயா அனுப்பினாங்க?

இல்லைங்க. இதுல ஒரு கணக்கு இருக்கு. பெரிய விலை கொடுத்து வாங்கும்போதே "ரெண்டும் சேர்ந்தா இவ்வளவு மிச்சமாகும்"னு பங்குதாரர்களுக்கு ஒரு நம்பிக்கை கொடுப்பாங்க. அதுக்கு 'சினர்ஜி'ன்னு அழகான பேரு. ரெண்டு கம்பெனிக்கும் தனித்தனியா கணக்குப் பிரிவு, மனிதவளம், மார்க்கெட்டிங், வாடிக்கையாளர் சேவைன்னு இருக்கும். சேர்ந்த பிறகு எதுக்கு ரெண்டு? 1,900 பேரை அனுப்பினப்போ வந்த கடிதத்துலயும் ஒரே வேலை ரெண்டு இடத்துல நடக்கிறதைக் கண்டுபிடிச்சதாத்தான் சொல்லியிருந்தாங்க. விலையா கொடுத்த 6,870 கோடி பங்கு வச்சிருந்தவங்களுக்குப் போச்சு. அதுக்கான மிச்சம் பிடிக்கிறது சம்பளப் பட்டியல்ல இருந்து ஆரம்பிக்குது.

இதுல ஒரு வேடிக்கை. கோர்ட்டுல வழக்கு நடந்தப்போ, ரெண்டு கம்பெனியும் வேற வேற அடுக்குல இருக்கு, ஆக்டிவிஷன் தனியாத்தான் இயங்கும்ங்கிற மாதிரி வாதம். ஆள்குறைப்பு வந்ததும் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024 பிப்ரவரியில மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதிச்சு: தனியா இயங்கும்னு சொன்னதுக்கும் இதுக்கும் பொருந்தலையேன்னு. ஆக்டிவிஷன் தனியா இருந்தப்பவே கணிசமான வேலைகளைக் குறைக்கத் திட்டமிட்டிருந்ததுன்னு மைக்ரோசாஃப்ட் பதில் சொல்லிச்சு. 2025 மே மாசம் மேல்முறையீட்டுலயும் கமிஷன் தோத்துது. அப்படித் திட்டம் போட்டது யாரா இருந்தாலும் போன 1,900 பேருக்கு வேலை போனது போனதுதான்.

அந்த வேலைகளாவது 'ரெண்டு இருக்கு'ன்னு சொல்லலாம். என்னை ரொம்ப யோசிக்க வச்சது டேங்கோ கேம்வொர்க்ஸ் கதை. டோக்கியோல இருந்த சின்ன ஸ்டுடியோ. 2021ல ஜெனிமேக்ஸை மைக்ரோசாஃப்ட் வாங்கினப்போ அதோட சேர்ந்து வந்தது. 2023ல இவங்க விட்ட 'ஹை-ஃபை ரஷ்' கேமை எல்லாரும் கொண்டாடினாங்க. 2024 ஏப்ரல்ல சிறந்த அனிமேஷனுக்கு பாஃப்டா விருது. ஒரு மாசம்கூட ஆகலை, மே 7ஆம் தேதி ஸ்டுடியோவை மூடப் போறதா அறிவிப்பு! இங்கே எங்க டெக்சஸ்ல இருந்த ஆர்கேன் ஆஸ்டினும் அதே பட்டியல்ல. டேங்கோவுக்கு மட்டும் கொஞ்சம் அதிர்ஷ்டம், 2024 ஆகஸ்ட்ல கிராஃப்டன்ங்கிற கொரியக் கம்பெனி எடுத்துக்கிச்சு.

மைக்ரோசாஃப்டை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. ஸ்வீடனோட எம்ப்ரேசர் கையில கிடைச்ச ஸ்டுடியோவை எல்லாம் வாங்கிக் குவிச்சது. 2023 மே மாசம் 200 கோடி டாலர் ஒப்பந்தம் ஒண்ணு கைநழுவினதும் மூட ஆரம்பிச்சது. 'செயின்ட்ஸ் ரோ' செஞ்ச வொலிஷன் ஆகஸ்ட் கடைசியிலேயே காலி. கேமுக்கு வெளியே பார்த்தா, விஎம்வேரை பிராட்காம் வாங்கின பேரம் 2023 நவம்பர் 22ல முடிஞ்சது. சில நாள்லயே பாலோ ஆல்டோல மட்டும் ஆயிரத்துக்கும் அதிகமானவங்களுக்கு நோட்டீஸ்.

"நல்லாப் படி, நல்லா வேலை செய், வேலை நிலைக்கும்"னுதான் நம்மளை எல்லாம் வளர்த்தாங்க. கம்பெனி கை மாறுறப்போ இந்த வாக்கியத்தோட ரெண்டாவது பாதி செல்லுபடியாகறதில்லை. ரேட்டிங், விருது, பாராட்டு எல்லாம் ஒரு பக்கம். நீங்க செய்யிற வேலையை வாங்கினவன் வீட்டுல ஏற்கெனவே ஒருத்தர் செய்யிறாராங்கிறது இன்னொரு பக்கம். முடிவு பண்றது ரெண்டாவதுதான்.

எங்களை மாதிரி விசாவுல இருக்கிறவங்களுக்கு இன்னொரு கடிகாரமும் ஓடும். நூறு பேரோ அதுக்கு மேலயோ இருக்கிற கம்பெனி கூட்டமா ஆளைக் குறைக்கும்போது 60 நாள் முன்னறிவிப்பு தரணும்னு இங்கே 1988லேயே சட்டம் வந்தாச்சு. ஹெச்-1பி விசாக்காரருக்கு வேலை முடிஞ்ச நாள்ல இருந்து அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதுக்குள்ள வேற வேலையோ வேற விசாவோ, இல்லைன்னா மூட்டை கட்டணும். படிப்பு முடிச்சு ஓபிடில இருக்கிறவங்க மொத்தம் 90 நாள்தான் சும்மா இருக்கலாம். ஸ்டெம் நீட்டிப்பு கிடைச்சா எல்லாம் சேர்த்து 150. அடுத்த வருஷம் இந்தக் கணக்குல நானும் இருப்பேன்.

அதனால வேலை தேடுற நண்பர்களுக்கு நான் கத்துக்கிட்டது இவ்வளவுதான். சேரப்போற கம்பெனியை யாராவது வாங்குற பேச்சு இருந்தா, உங்க டீம் செய்யிற வேலை வாங்குறவன்கிட்ட இருக்கான்னு முதல்ல பாருங்க. கடன் வாங்கி வாங்குறானான்னு பாருங்க. பேரம் முடிஞ்ச பிறகு வர்ற முதல் ஆறு மாசம் ரெஸ்யூமேவைத் தூசி தட்டியே வைங்க. சங்கம்னா முகம் சுளிக்காதீங்க. அந்த ஆள்குறைப்புக்கு அப்புறம் 2024 ஜூலையில 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' டீம்ல 500 பேருக்கு மேல சேர்ந்து சங்கம் ஆரம்பிச்சாங்க. சங்கம் இருந்தா வேலையே போகாதுன்னு இல்லை. ஆனா போகும்போது பேச ஒரு ஆள் இருக்கும்.

அண்ணன் மூணு வாரமா ஊர்ல விஷயத்தைச் சொல்லலை. போன ஞாயித்துக்கிழமைதான் அப்பாகிட்ட மட்டும் சொன்னார். ஸ்பீக்கர்ல போட்டிருந்தார், நான் பக்கத்துல வெங்காயம் நறுக்கிட்டிருந்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவர் மெதுவாச் சொன்னார்:

"எங்க முதலாளி பக்கத்து தீப்பெட்டி ஆபீஸை வாங்குனப்போ ரெண்டு கணக்குப்பிள்ளை இருந்தோம். ஒருத்தர் போதும்னுட்டாரு. அவரு என்னைய விட நல்லா கணக்கு எழுதுவாரு. நான் இந்தப் பக்கத்து ஆளு, அதனால நின்னேன். நீ கம்பெனி கை மாறுதுன்னு சொன்ன அன்னைக்கே எனக்குப் பக்குன்னுச்சு. பயந்துருவேன்னு சொல்லலை. உன் மேல ஒண்ணும் தப்பில்லப்பா. சாப்டியா?"

அண்ணன் பதில் சொல்லாம பால்கனிக்குப் போயிட்டார். நான் வெங்காயத்து மேல பழியைப் போட்டுக்கிட்டேன் :-(

இன்னும் 38 நாள் இருக்கு. நாளைக்கு ஒரு இண்டர்வியூ. வேண்டிக்கோங்க மக்களே.