எதிரிக் கூண்டில் நிற்பவனுக்குச் சட்டம் தரும் காவல்

அளவெட்டி என்றதும் தவிலும் நாதசுரமும் நினைவுக்கு வருதல் இயல்பு. கவிஞர் மகாகவி பிறந்ததும் இவ்வூரே. எனினும், இவ்வூரார்க்கு நன்கு பழகிய பாதைகளுள் மல்லாகம் நீதிமன்றத்துக்குச் செல்லும் பாதையும் ஒன்று. யாழ்ப்பாணத்தார் வழக்காடுவதில் வல்லவர் என்பர். அவ்வல்லமை பெரும்பாலும் எல்லை வேலியையும் கிணற்றுப் பங்கையும் பற்றியதாகும். குற்ற வழக்கொன்றில் அகப்பட்டவனுக்கு என்ன உரிமை உண்டென்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

அளவெட்டியில் ஒரு வீட்டிலே நகை களவு போகின்றது என்று கொள்வோம். அயலிலுள்ள இளைஞன் ஒருவன்மீது ஐயம் எழுகின்றது. பொலிஸார் அவனைக் கைது செய்கின்றனர். ஊரின் தீர்ப்பு அன்று மாலையே வெளியாகிவிடும். சட்டத்தின் தீர்ப்போ அவ்வாறன்று. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் 13 ஆம் உறுப்புரை, கைதுக்கான காரணம் அவனுக்கு அறிவிக்கப்படல் வேண்டும் என்கின்றது. குற்றம் எண்பிக்கப்படும்வரை அவன் குற்றமற்றவனாகவே கருதப்படல் வேண்டும் என்றும், நீதியான விளக்கத்தில் சட்டத்தரணி மூலம் தன் பக்கத்தை எடுத்துரைக்க அவனுக்கு உரிமை உண்டென்றும் கூறுகின்றது. பிடியாணையின்றிக் கைதானவனைப் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்கு மேல் பொலிஸ் காவலில் வைத்திருத்தலாகாது என்பது 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் விதி. அளவெட்டியிலிருந்து மல்லாகம் கூப்பிடு தூரமே. பயண நேரத்தைச் சாட்டாகக் கூற இடமில்லை.

இனி, அந்த 24 மணித்தியாலத்துள் நிகழக்கூடியதே இப்பொருளின் உயிர்நிலை. விசாரணையின்போது இளைஞன் “நானே எடுத்தேன்” என்று கூறிவிடுகின்றான். அச்சொல்லைக் கொண்டு அவனைத் தண்டிக்கலாமா? தண்டிக்க முடியாது. 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், பொலிஸ் உத்தியோகத்தருக்கு அளித்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு மாறாக எண்பித்தலாகாது என 25 ஆம் பிரிவிலே விலக்கி வைத்துள்ளது. காவலில் இருக்கும்போது பிறருக்குக் கூறியதும், நீதவான் முன்னிலையிற் கூறப்பட்டாலன்றி, 26 ஆம் பிரிவின்படி செல்லாது. இது பொலிஸார் யாவரும் பொய்யர் என்று கருதிச் செய்த விதியன்று. மூடிய அறையில் நிகழ்ந்ததற்கு இரு சாட்சிகளே உளர். அவர்களுள் ஒருவன் அஞ்சி நிற்பவன். அடித்து ஒப்புதல் பெறுவதாற் பயனில்லை என்றாகிவிட்டால், அடிப்பதற்குரிய காரணமும் ஒழியும் என்பதே சட்டம் வகுத்தோர் கருத்து. ஆயினும் 27 ஆம் பிரிவிலே ஒரு வாயில் உண்டு. அவன் கூற்றினால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அக்கண்டுபிடிப்போடு நேரே தொடர்புற்ற பகுதி சான்றாக ஏற்கப்படும். நகை எங்கே என்று வருத்திக் கேட்பதற்கு ஏது இவ்வாறு எஞ்சியே நிற்கின்றது.

இது வெறும் கற்பனை அச்சமன்று. அளவெட்டிக்கு அயலூரான சுன்னாகத்தில், 2011 ஆம் ஆண்டிலே பொலிஸார் பிடித்துச் சென்ற இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். 2017 இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் பொலிஸ் உத்தியோகத்தர் பலரைச் சித்திரவதைக் குற்றவாளிகளாகக் கண்டு, 1994 ஆம் ஆண்டின் சித்திரவதைக்கு எதிரான சட்டத்தின்கீழ்ப் பத்தாண்டுக் கடூழியச் சிறை விதித்தது. அதன் பின்னரும், 2023 நவம்பரில், வட்டுக்கோட்டைப் பொலிஸார் கைது செய்த சித்தங்கேணி இளைஞர் ஒருவர் இறந்தார். பொலிஸார் சிலர் கைதாயினர்.

பொதுச் சட்டம் அடைத்த கதவைச் சிறப்புச் சட்டம் திறந்துவிட்டதும் உண்டு. “தற்காலிக ஏற்பாடுகள்” எனும் பெயருடன் 1979 இல் நிறைவேறி 1982 இல் நிரந்தரமான பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத தரத்தினர் பெற்ற ஒப்புதலைச் சான்றாக்கியது. அது வற்புறுத்திப் பெறப்பட்டதெனக் காட்டும் சுமையும் எதிரிமீதே விழுந்தது. 1993 இல் மட்டக்களப்பிற் கைதான சிங்கராசாவுக்கு, அத்தகைய ஒப்புதலை ஆதாரமாகக் கொண்டு 1995 இல் ஐம்பது ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்தாகக் குறைந்தது. தமது ஒப்புதல் தாம் அறியாத சிங்களத்தில் எழுதப்பட்டது என்பது அவர் வாதம். சுமையை எதிரிமீது ஏற்றியது நீதியன்று என ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு 2004 இல் கூறியது. இலங்கை உயர் நீதிமன்றமோ 2006 இல் அதனை ஏற்க மறுத்தது.

குற்றஞ்செய்தவனென்று ஊரே நம்பும் ஒருவனுக்காக வாதாடுவது முறையோ என்று சட்டத்தரணியிடம் கேட்போர் பலர். வழக்குத்தொடுநரின் சான்று நியாயமான ஐயத்துக்கு அப்பால் நிற்கின்றதா என்று சோதிப்பதே அவர் பணி. மேல் நீதிமன்றத்திலே சட்டத்தரணியை அமர்த்த இயலாத எதிரிக்கு நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும். நீதவான் நீதிமன்றத்தில் அவ்வுறுதி இல்லை. அங்கே ஏழைக்குப் புகலிடம் 1978 இல் தோன்றிய சட்ட உதவி ஆணைக்குழுவேயாகும். பெரும்பாலான வழக்குகள் நீதவான் நீதிமன்றத்திலேயே நடைபெறுகின்றன என்பதை எண்ணும்போது, இக்குறை சிறிதன்று.

கைதிலோ காவலிலோ உரிமை மீறப்பட்டால், 126 ஆம் உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். அதற்குரிய காலம் ஒரு மாதமே. காவலில் இருப்பவனுக்கும், கொழும்பை அறியாத அவன் பெற்றோருக்கும் அக்காலம் விரைவிற் கழிந்துவிடும். அம்மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நடைபெறும் காலம் கணக்கிற் சேராது என 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது. அவ்வாணைக்குழுவின் அலுவலகம் ஒன்று யாழ்ப்பாணத்திலும் உண்டு.