திரைக்கு வராத 'பீதி'

வானத்திலிருந்து குண்டுகள் விழுகின்றன. மிருகக்காட்சி சாலையின் கம்பிகள் தெறிக்கின்றன. மிரண்டுபோன விலங்குகள் வெளியே பாய்கின்றன. கணினி வித்தை எதுவும் இல்லாத காலம் அது. திரையில் தெரிவதெல்லாம் நிஜ யானை, நிஜ சிங்கம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, அந்தப் போரைத் தொடங்கிய ஜெர்மனியிலேயே எடுக்கப்பட்ட படம். பெயர் 'பானிக்'. தமிழில் சொன்னால், 'பீதி'.

1943-இல் படம் தயார். ஆனால், நாஜி அரசு அதை வெளியிட அனுமதிக்கவில்லை. அரசை யாரும் அதில் கேலி செய்யவில்லை. எதிரி நாட்டைப் புகழ்ந்து ஒரு வசனமும் இல்லை. குண்டுவீச்சுக் காட்சிகள் நிஜம் போலவே இருக்கின்றன என்பதுதான் குற்றம்.

படத்தை எடுத்தவர் ஹாரி பீல். இன்று ஜெர்மனியிலேயே இளைய தலைமுறைக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம். அன்று அவர் பெரிய நட்சத்திரம். 1892-இல் டுசெல்டோர்ஃப் நகரில் பிறந்தவர். மௌனப் படக் காலத்திலேயே தானே இயக்கி, தானே நடித்து, கட்டடத்திலிருந்து குதிப்பது முதல் வெடி வைப்பது வரை சாகசங்களால் பெயர் வாங்கியவர். சிறுவர்களுக்கு அவர்மேல் தனிப் பைத்தியம். பின்னாளில் ஹாலிவுட்டை ஆட்டிப் படைத்த மார்லீன் டீட்ரிச், 1927-இல் இவர் படமொன்றில் நடித்திருக்கிறார் என்றால் பாருங்கள்.

1930களில் பீலின் பாதை விலங்குகள் பக்கம் திரும்பியது. சர்க்கஸ் கூடாரம், காடு, புலிக்கூண்டு என்று அடுத்தடுத்துப் படங்கள். 1936-இல் 'காடு அழைக்கிறது', 1938-இல் 'மனிதர்கள், விலங்குகள், சாகசங்கள்' என்று பெயர்களே கதையைச் சொல்லிவிடும். ஆகவே, காட்டு விலங்குகளைப் பிடித்து வருகிறவன், மிருகக்காட்சி சாலை, அதன்மேல் விழும் குண்டுகள் என்ற கதை அவருக்குக் கைவந்த சரக்குதான். காலம்தான் மாறிவிட்டது. படப்பிடிப்புத் தொடங்கிய நேரத்தில் ஜெர்மனி வென்றுகொண்டிருந்தது. 1943-இல் ஜெர்மானிய நகரங்களே இரவோடிரவாக எரிந்துகொண்டிருந்தன.

அந்நாள் ஜெர்மானியத் திரையுலகில் எந்தப் படம் வெளிவரலாம் என்பதில் கடைசி வார்த்தை பிரசார அமைச்சர் கோயபல்சுடையது. குண்டுவீச்சைத் திரையில் காட்டவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. எப்படிக் காட்டுகிறார்கள் என்பதில்தான் கண். 1942-இல் வந்த 'மகத்தான காதல்' படத்தைப் பாருங்கள். இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்த வெற்றிப் படம். அதிலும் அபாயச் சங்கு ஒலிக்கிறது. எல்லாரும் நிலவறைக்குள் இறங்குகிறார்கள். ஆனால், அங்கே அக்கம்பக்கத்தார் ஒன்றாக உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள், காதல் மலர்கிறது. அந்தக் குண்டுவீச்சுக்குத் தடை இல்லை.

மறுபக்கம் 'டைட்டானிக்'. ஜேம்ஸ் கேமரூன் எடுத்தது அல்ல. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஜெர்மானியர்கள் எடுத்தது. பிரிட்டிஷ் கப்பல் முதலாளிகளின் பேராசையைத் தோலுரிக்கத்தான் அரசே பணத்தைக் கொட்டியது. அதன் இயக்குநர் ஹெர்பர்ட் செல்பின், படைவீரர்களைப் பற்றித் தாறுமாறாகப் பேசினார் என்று கைது செய்யப்பட்டார். 1942-இல் சிறை அறையில் தூக்கில் தொங்கிய நிலையில் கிடந்தார். படம் வேறொருவர் கையால் முடிக்கப்பட்டது. அதுவும் ஜெர்மனியில் திரைக்கு வரவில்லை. கூட்டம் அலறி ஓடும் காட்சிகளை, ஒவ்வோர் இரவும் அலறி ஓடும் மக்களுக்குப் போட்டுக் காட்ட முடியாது அல்லவா? அந்தப் படத்துக்கே அந்தக் கதி என்றால், 'பீதி' என்றே பெயர் வைத்த படத்தை யார் வெளியே விடுவார்கள்?

வெளியே நடந்தது கதையைவிடப் பெரியது. படம் பெட்டிக்குள் போன அதே 1943, நவம்பர் 22, 23 இரவுகளில் பிரிட்டிஷ் விமானங்கள் பெர்லினைத் தாக்கின. 1844-இல் திறக்கப்பட்ட, ஜெர்மனியின் மிகப் பழைய மிருகக்காட்சி சாலை அங்கேதான் இருக்கிறது. பெர்லினுக்குச் சுற்றுலா போனவர்கள் கோபுரம் உடைந்த கைசர் வில்ஹெல்ம் தேவாலயத்தின் முன் நின்று படம் எடுத்திருப்பீர்கள். அந்தக் கோபுரம் சிதைந்ததும் அந்தத் தாக்குதலில்தான். மிருகக்காட்சி சாலை அங்கிருந்து நடந்து போகும் தூரம்.

யானைகளுக்கு அங்கே இந்தியக் கோயில் பாணியில் ஒரு மாளிகை கட்டி வைத்திருந்தார்கள். 1873-இல் கட்டியது. அது இடிந்து விழுந்ததில் ஏழு யானைகள் மாண்டன. சியாம் என்ற ஆண் யானை மட்டும் தப்பியது. மீன்காட்சிக் கூடமும் அடிபட்டது. முதலைகள் செத்துக் கிடந்தன. அப்போதைய இயக்குநர் லுட்ஸ் ஹெக், முதலையின் வாலைப் பெரிய பாத்திரத்தில் வேகவைத்தால் கொழுத்த கோழி போல இருந்தது என்று பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. பசித்த ஊரில் அதுவும் உணவு.

அடுத்த நாளே ஊர் முழுக்க வதந்தி. சிங்கம் அந்தத் தெருவில், புலி இந்தத் தெருவில், முதலை ஸ்பிரே ஆற்றில் என்று வாய்க்கு வந்தபடி பேச்சு. உண்மையில், ஆபத்தான விலங்குகள் பெரும்பாலும் தங்கள் கூண்டுகளிலேயே செத்துப்போயின. வதந்திகளில் ஒன்று மட்டும் நகைச்சுவையாகவே நிலைத்துவிட்டது. தப்பிய புலி ஒன்று பேர்பெற்ற ஜோஸ்டி காப்பிக்கடைக்குள் நுழைந்து, அங்கிருந்த கேக்கைத் தின்று, அந்த இடத்திலேயே செத்து விழுந்ததாம். குண்டுக்குத் தப்பியது கேக்குக்குத் தப்பவில்லை! வீடு எரிந்துகொண்டிருக்கும்போதும் ஊர்க்காரர்கள் இப்படிச் சிரித்திருக்கிறார்கள். பீல் திரையில் ஓடவிட்ட விலங்குகளைப் பெர்லின் மக்கள் வாயால் ஓடவிட்டார்கள். அதைத் தடுக்கத் தணிக்கைக்காரரால் முடியவில்லை.

வானொலிக்காரி என்பதால் இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அடுத்த சில நாள்களில், டிசம்பர் தொடக்கத்தில், அமெரிக்க வானொலிச் செய்தியாளர் எட்வர்ட் மரோ ஒரு லங்காஸ்டர் விமானத்தில் ஏறிப் பெர்லினுக்கு மேலே பறந்தார். திரும்பி வந்து, மேலிருந்து பார்த்த நெருப்பை ஒலிவாங்கியின் முன் விவரித்தார். ஒலிபரப்பு படிக்கும் மாணவர்களுக்கு இன்றும் பாடம் அது. மேலேயிருந்து பார்த்தவருக்கு நேயர்கள் கிடைத்தார்கள். கீழேயிருந்து பார்த்தவர்கள் பேச முடியவில்லை. எடுத்த படத்தையும் காட்ட முடியவில்லை.

இதற்காக பீலை ஒரு தியாகியாக்கிவிட வேண்டாம். அவர் 1933 முதல் நாஜிக் கட்சியின் உறுப்பினர். போருக்குப் பிறகு அதற்காக விசாரணை, சிறை, தொழில் தடை எல்லாம் வந்தன. அவரை நசுக்கியது அவர் சேர்ந்திருந்த அணியேதான்.

படத்திலுள்ள விலங்குகளுக்காக இரங்கும்போது, அதற்கு முன் நடந்ததையும் கூடவே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1939 செப்டம்பரில் வார்சா மிருகக்காட்சி சாலையின்மேல் குண்டு போட்டது ஜெர்மானிய விமானப் படை. மிஞ்சிய அரிய விலங்குகளை ஜெர்மனிக்கு அள்ளிச் சென்றதில் முன்னின்றவர், மேலே முதலை வாலைப் பற்றி எழுதிய அதே லுட்ஸ் ஹெக். 2017-இல் வந்த 'தி ஸூகீப்பர்ஸ் வைஃப்' பார்த்தவர்களுக்கு அவரை நினைவிருக்கும். டேனியல் புரூல் நடித்த பாத்திரம் அவர்தான். வெறுமையாகிப்போன அந்த வார்சா கூண்டுகளிலும் வீட்டிலும்தான் ஜபின்ஸ்கி தம்பதியர் ஏறத்தாழ 300 பேரை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். அவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். பெர்லினிலோ, மிருகக்காட்சி சாலையின் யூதப் பங்குதாரர்கள் 1930களிலேயே பங்குகளை அடிமாட்டு விலைக்கு விற்க வைக்கப்பட்டு விரட்டப்பட்டார்கள். பிறகு யூதர்கள் வாசலுக்குள் நுழையவே தடை. கம்பிக்கு உள்ளே யார், வெளியே யார் என்பதை அந்த அரசு குண்டு விழுவதற்கு முன்பே தீர்மானித்துவிட்டது. பீலின் கதையில் இதற்கெல்லாம் இடமில்லை. அங்கே ஆபத்து வானத்திலிருந்துதான் வருகிறது.

போரின்போது பீலின் பழைய படங்கள் பலவற்றின் மூலப் பிரதிகளும் குண்டுவீச்சில் எரிந்தன. அவரது மௌனப் படங்களில் பெரும்பாலானவற்றை இன்று யாராலும் பார்க்க முடியாது. தடை நீங்கியபின் 1951-இல் 'அக்பர் புலி' எடுத்தார். 1953-இல் 'பானிக்' படச் சுருள்கள் மறுபடி தொகுக்கப்பட்டு, 'தகர்ந்த கம்பிகள்' என்று பொருள்படும் புதிய ஜெர்மன் பெயரில் வெளிவந்தன. பத்து ஆண்டு தாமதம். இடிபாடுகளை அள்ளி, புது வீடு கட்டிக் குடியேறிக்கொண்டிருந்த மக்களுக்கு அந்த இரவுகளை மறுபடி பார்க்க எவ்வளவு ஆசை இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். பீல் அதன்பின் பெரிய படம் எதையும் எடுக்கவில்லை. 1963-இல் மியூனிக்கில் காலமானார்.

படமாக எப்படி? சாகசப் பட ரசிகர்களுக்கு விலங்குக் காட்சிகள் போதும். ஜூ நெகாராவுக்கு வார இறுதியில் பிள்ளைகளை அழைத்துப் போகும் குடும்பங்களுக்கு, இதைச் சிறுவர் படம் என்று நினைத்துப் போட்டுவிட வேண்டாம் என்றே சொல்வேன். பெரியவர்கள் முதலில் பார்த்துவிடுங்கள்.

போருக்கு முன் பெர்லின் மிருகக்காட்சி சாலையில் இருந்த விலங்குகள் 3,715. போர் முடிந்தபோது உயிரோடு எஞ்சியவை 91. எஞ்சியவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கத்தரீனா ஹைன்ரோத் என்ற பெண் விலங்கியலாளரிடம் வந்தது. அந்த 91-இல் சியாம் யானையும் உண்டு. கினௌட்ஷ்கே என்ற நீர்யானைக் குட்டியும் உண்டு. கினௌட்ஷ்கே பிறந்தது 1943-இல், படம் பெட்டிக்குள் போன அதே ஆண்டில். பெர்லின் நகரத்தின் செல்லப்பிள்ளையாகவே வளர்ந்து, 1988 வரை வாழ்ந்தது. அதற்கு அங்கே வெண்கலச் சிலையும் வைத்திருக்கிறார்கள்.