மணிக்கட்டு சொல்லும் வயது

முன்பெல்லாம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்துப் போனால் தலைமையாசிரியர் முதலில் என்ன செய்யச் சொல்வார் தெரியுமா? "வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடு, பார்க்கலாம்" என்பார். விரல் காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டதென்று பெயரை எழுதிக்கொள்வார். எட்டாவிட்டால் அடுத்த ஆண்டு வரச் சொல்லிவிடுவார். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுள் சிலருடைய சான்றிதழில் உள்ள பிறந்த தேதி, அன்று தலைமையாசிரியரின் மேசையில் பிறந்ததாகவே இருக்கும். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் இதே சோதனை வழக்கத்தில் இருந்தது.

இது வெறும் விளையாட்டன்று. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் தலை மட்டும் ஏறத்தாழ கால் பங்கு இருக்கும். பிறகு கைகால்கள் வேகமாக வளர, தலை மெதுவாகவே வளர்கிறது. ஆகவே ஐந்தாறு வயதில் கை காதை எட்டுகிறது. ஆனால் கை நீண்ட நான்கு வயதுப் பிள்ளையும் தொட்டுவிடும். கை குட்டையான ஆறு வயதுப் பிள்ளை தொடாமல் நிற்கும். உடலை அளந்து வயதைச் சொல்லும் எந்த முறைக்கும் உள்ள சங்கடம் இதுதான். அதே சங்கடம் இன்று கோடி ரூபாய் விலையுள்ள காந்தத்தின் உருவில் ஆப்பிரிக்கக் கால்பந்துத் திடலில் வந்து நிற்கிறது.

பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான ஆப்பிரிக்கக் கோப்பைப் போட்டி 1995-ல் மாலி நாட்டில் முதன்முறையாக நடந்தது. கானா அணி வென்றது. இதில் முன்னணிக்கு வரும் அணிகளே அந்த வயதினருக்கான உலகக் கோப்பைக்குச் செல்லும். ஐரோப்பியக் கழகங்களின் ஆட்கள் மைதானத்தில் அமர்ந்து பையன்களைக் கவனிப்பார்கள். ஓர் ஏழைக் குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றக்கூடிய தொண்ணூறு நிமிடங்கள் இவை. இருபது வயது இளைஞன் ஒருவன் பதினாறு என்று சொல்லி உள்ளே நுழைந்தால், உண்மையிலேயே பதினாறு வயதான ஒரு பையனின் இடம் பறிபோகிறது. பிறப்புச் சான்றிதழைப் பார்த்தால் போதாதா என்பீர்கள். சகாராவுக்குத் தெற்கே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருடைய பிறப்புத்தான் பதிவாகியுள்ளது என்று யூனிசெஃப் 2019-ல் கணக்கிட்டது. பதிவே இல்லாத இடத்தில் தாளை நம்பி என்ன பயன்?

2023-ஆம் ஆண்டுப் போட்டி அல்ஜீரியாவில் நடைபெற்றது. அதற்கான தகுதிச் சுற்றுக்குமுன் காமரூன் நாட்டில் முகாமிட்டிருந்த 30 பையன்களின் மணிக்கட்டுகளை எம்.ஆர்.ஐ. படமெடுக்கும்படி, அந்நாட்டுக் கால்பந்துச் சம்மேளனத்தின் தலைவர் பொறுப்பிலிருந்த சாமுவேல் எட்டோ உத்தரவிட்டார். முப்பது பேரில் 21 பேர் தேறவில்லை! இந்த 21 பேரும் பொய் சொன்னவர்கள்தாமா? இதற்கு விடை காண மணிக்கட்டுக்குள் சற்று எட்டிப் பார்க்க வேண்டும்.

உங்கள் முன்கையில் இரண்டு எலும்புகள் உள்ளன. கட்டைவிரல் பக்கம் உள்ளது ஆர எலும்பு. வளரும் வயதில் இந்த எலும்பின் நுனி, தண்டோடு நேராக ஒட்டியிருப்பதில்லை. இடையில் குருத்தெலும்பாலான மெல்லிய தட்டு ஒன்று இருக்கும். இதை வளர்ச்சித் தட்டு என்பர். இந்தத் தட்டு புதிய குருத்தெலும்பை உண்டாக்கிக்கொண்டே போக, அது எலும்பாக மாறி, எலும்பு நீள்கிறது. பருவ வயதின் முடிவில் தட்டு எலும்பாகிப்போய், நுனியும் தண்டும் ஒன்றாகிவிடும். அதன்பின் அந்த எலும்பு நீளாது.

இணையும் நாளைக் குறிப்பது காலண்டர் அன்று, ஹார்மோன்கள். பெண்களுக்குரியது என்று நாம் எண்ணும் ஈஸ்ட்ரோஜனே ஆண்களிடமும் இந்தத் தட்டை மூடுகிறது. 1994-ல் அமெரிக்க மருத்துவர்கள் வியப்பான ஒருவரைப் பற்றி எழுதினார்கள். அவருக்கு 28 வயது, உயரம் 204 சென்டிமீட்டர். அவருடைய உடலில் ஈஸ்ட்ரோஜன் சுரந்தது. மரபணுக் குறையால் உடல் அதற்குச் செவி சாய்க்கவில்லை. எலும்பு முனைகள் இணையாமல் அவர் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். மணிக்கட்டை மட்டும் பார்த்தால் அவர் பதினைந்து வயதுப் பையன்!

எலும்பைப் பார்க்க எக்ஸ்-கதிர் போதுமே என்று தோன்றும். மருத்துவர்கள் நெடுங்காலமாக எக்ஸ்-கதிர்ப் படத்தில்தான் எலும்பின் வயதைக் கணித்து வந்தார்கள். ஆனால் நோயில்லாத சிறுவனுக்கு, ஒரு பந்தாட்டத்துக்காகக் கதிர்வீச்சைச் செலுத்துவது, அது எவ்வளவு சொற்பமானாலும், முறையன்று என்பது பலருடைய கருத்து. எனவேதான் காந்தம் வந்தது.

நம் உடலில் நீரும் கொழுப்பும் நிறைய உண்டு. இரண்டிலும் ஹைட்ரஜன் உண்டு. ஹைட்ரஜனின் அணுக்கரு ஒரு மிகச்சிறு காந்தம். சுழலும் பம்பரம் சற்றே சாய்ந்தால் தலையை வட்டமாக ஆட்டிக்கொண்டே சுற்றும் அல்லவா? வலிமையான காந்தப் புலத்தில் இந்த அணுக்கருவும் அப்படியே தலையாட்டுகிறது. புலத்தின் வலிமை 1.5 டெஸ்லா, அதாவது புவியின் காந்தப் புலத்தைப்போல் சுமார் 30,000 மடங்கு, என்றால் நொடிக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 லட்சம் தடவை! அதே அதிர்வெண்ணுள்ள ரேடியோ அலையைச் செலுத்தினால், சரியான தாளத்தில் தள்ளப்பட்ட ஊஞ்சல் போல அணுக்கரு ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. அலையை நிறுத்தியதும் அது ரேடியோ சமிக்ஞை ஒன்றை விடுத்தபடி பழைய நிலைக்குத் திரும்புகிறது. இந்த ஒத்ததிர்வை 1946-ல் பிளாக், பர்செல் ஆகியோர் தனித்தனியே கண்டனர். புலத்தின் வலிமையை இடத்துக்கு இடம் சற்றே மாற்றினால் தலையாட்டும் வேகமும் இடத்துக்கு இடம் மாறும். அதைக்கொண்டு சமிக்ஞை எங்கிருந்து வருகிறதெனக் கண்டு படம் வரையலாம் என்று 1973-ல் காட்டியவர் லாட்டர்பர். இத்தனைக்கும் பத்து லட்சம் அணுக்கருக்களில் புலத்தின் பக்கம் கூடுதலாகச் சாய்ந்திருப்பவை ஏறத்தாழ ஐந்துதான். அந்த ஐந்தின் குரலைக் கேட்டுப் படமாக்குவதை நான் இன்றும் இயற்பியலின் பெரிய சாமர்த்தியமாகவே நினைக்கிறேன்.

கொழுப்பில் உள்ள அணுக்கருக்கள் விரைவாகவும், நீரில் உள்ளவை மெதுவாகவும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. இந்த வேறுபாட்டைப் பிடிக்கும் வகையில் படமெடுத்தால் கொழுப்பு நிறைந்த எலும்பு மஜ்ஜை வெண்மையாகத் தெரியும். நீர் நிறைந்த வளர்ச்சித் தட்டு குறுக்கே ஓடும் கரிய பட்டையாகத் தெரியும். தட்டு எலும்பாக மாற மாறப் பட்டை மெலிந்து, விட்டுவிட்டுத் தெரிந்து, ஒருநாள் மறைந்துபோகும்.

இந்த மாற்றத்தை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதற்படியில் இணைப்பே இல்லை. ஐந்தாம் படியில் 5 மில்லிமீட்டருக்கும் குறைவான கரிய மிச்சம் இருக்கும். ஆறாம் படியில் ஒன்றுமில்லை, முழு இணைப்பு. ஆறாம் படி மட்டுமே தோல்வி. கடுகளவு கரிய கோடு இருந்தாலும் பையன் தேறிவிட்டான்.

ஃபிஃபாவின் தலைமை மருத்துவராயிருந்த யிரி துவோராக்கும் அவருடைய குழுவினரும் சுவிட்சர்லாந்து, மலேசியா, அல்ஜீரியா, அர்ஜென்டினா ஆகிய நாடுகளில் 14 முதல் 19 வயது வரையுள்ள 496 பையன்களைப் படமெடுத்து, முடிவை 2007-ல் வெளியிட்டார்கள். பதினாறு வயதினரில் முழு இணைப்பு அடைந்திருந்தவன் ஒரே ஒருவன், 0.8 சதவீதம். இதை ஆதாரமாகக் கொண்டு 2009-ல் நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்தச் சோதனை அமலுக்கு வந்தது.

இப்போது காமரூனுக்குத் திரும்புவோம். ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது பேரும் உண்மையே பேசும் பதினாறு வயதினர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் தவறாகத் தோற்கக்கூடியவர் 30-ஐ 0.008-ஆல் பெருக்கினால் 0.24 பேர். அதாவது இத்தகைய நான்கு முகாம்களைச் சோதித்தால் ஒரு பையன் அகப்படுவான். அந்த இடத்தில் 21 பேர்! இதைத் தற்செயல் என்று யாரும் சொல்ல முடியாது. முகாமில் வயது கூடியவர்கள் பலர் இருந்தார்கள் என்பது உறுதி.

ஆனால் அந்த 21 பேரில் ஒருவனைத் தனியே அழைத்து, "நீ பொய் சொன்னாயா?" என்று கேட்டால் படம் விடை தராது. அவன் சீக்கிரம் வளர்ந்துவிட்ட அபூர்வப் பையனாக இருக்கலாம். கூட்டத்தைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேசும் எண், தனி ஒருவனிடம் வரும்போது வாயடைத்துப் போகிறது. பத்திரிகைகளோ 21 பேரையும் ஒரே பட்டியலில் போட்டுவிட்டன.

இன்னொன்றும் உண்டு. அந்த 0.8 சதவீதம் ஒரே ஒரு பையனைக்கொண்டு வந்த எண். அடுத்த ஆய்வில் மூவர் அகப்பட்டிருந்தால் விகிதம் மும்மடங்காகியிருக்கும். மேலும், 2023 போட்டிக்கான விதி, 2006 ஜனவரி முதல் தேதியிலோ அதற்குப் பின்னரோ பிறந்திருக்க வேண்டும் என்பது. போட்டி நடந்ததோ ஏப்ரல், மே மாதங்களில். ஆகவே விதிப்படி ஆடத் தகுதியுள்ள ஒருவனுக்கு அப்போது பதினேழு வயதும் நான்கு மாதமும் ஆகியிருக்கலாம். பதினாறு வயதினரிடம் எடுத்த அளவுகோலை அவனிடம் நீட்டுவது சரியா? பதினேழைத் தாண்டியபின் ஒவ்வொரு மாதமும் இணைப்பு முடிந்தவர் தொகை ஏறிக்கொண்டே போகும். போட்டிப் பெயரில் உள்ள "பதினேழு" வேறு, விதியில் உள்ள தேதி வேறு.

எதிர்ப்பக்கத்திலும் ஓட்டை உண்டு. பதினெட்டு, பத்தொன்பது வயதிலும் கரிய கோடு மறையாதவர்கள் இருக்கிறார்கள். அத்தகையவன் தாராளமாகப் பொய் சொல்லலாம். காந்தம் அவனைக் காட்டிக்கொடுக்காது. பெண்களுக்கு எலும்பு முன்னதாகவே இணைந்துவிடுவதால் அவர்களுடைய போட்டிகளுக்கு இந்தச் சோதனை உதவாது. கழுத்துப் பட்டை எலும்பின் உள்முனை இருபது வயதைக் கடந்தே முழுமையாக இணைகிறது. எனவே 21 வயதுத் தகராறுக்கு அது உதவலாம், பதினேழுக்கு உதவாது.

விலக்கப்பட்ட 21 பேருக்கு மாற்றாகக் காமரூன் வேறு பையன்களைத் தேடியது. அவர்களிலும் சிலர் தேறவில்லை. ஒருவாறு அணி சேர்த்து, தகுதிச் சுற்றைக் கடந்து, அல்ஜீரியாவுக்குப் போய் ஆடினார்கள். கோப்பை மொராக்கோவை 2-1 என வென்ற செனகலுக்குப் போயிற்று.