அப்பா கண்ணாடியை இறக்கச் சொன்ன கதை: கேபின் ஃபில்டர் பற்றி ஒரு குறிப்பு

தொண்டூர் என்றதும் இங்கே வழக்கமாக வருபவர்களுக்கு சமணப் படுக்கைகளும் தமிழி கல்வெட்டும்தான் ஞாபகம் வரும். இன்றைக்கு கல்வெட்டு இல்லை. அந்த ஊருக்குப் போய்வரும் என் காரின் டேஷ்போர்டுக்குள் உட்கார்ந்திருந்த ஒரு மடிப்புத் துணியைப் பற்றி எழுதப் போகிறேன்.

அப்பாவுக்கு வீசிங் உண்டு. ஊரிலிருந்து சென்னைக்கு டாக்டரிடம் கூட்டிவரும்போது கண்ணாடி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு ஏசி போட்டுவிடுவேன். வெளியே தூசி, உள்ளே சுத்தம் என்ற நம்பிக்கை. போன தை மாதம் திண்டிவனம் வருவதற்குள்ளேயே இருமல் பிடித்துக்கொண்டது. "டேய், கண்ணாடிய எறக்குடா. தூசி வெளிய இல்ல, உள்ளதான் இருக்குது" என்றார். வயசானவர் ஏதோ சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். இறக்கினேன். இருமல் அடங்கியது. ஏசியை மறுபடி போட்டதும் திரும்ப வந்தது.

அன்று ராத்திரியே க்ளவ் பாக்ஸைக் கழற்றினேன். பின்னால் ஒரு சின்ன மூடி, அதற்குள் ஃபில்டர். கறுப்பு என்று சொன்னால் போதாது. மேலே வேப்பிலை, புளிய இலை, எலி கொண்டுவந்து சேர்த்த மல்லாட்டைத் தோல். கடைசி மூன்று சர்வீஸ் பில்லையும் எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் 'ஏசி ஃபில்டர் கிளீனிங்' என்று ஒரு வரி இருக்கிறது, காசும் வாங்கியிருக்கிறார்கள். கம்ப்ரசர் காற்றில் ஊதித் திரும்பச் சொருகியிருப்பார்கள், அதிகபட்சம்.

இந்த 'கிளீனிங்' ஏன் பிரயோஜனம் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள, ஃபில்டர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். நாம் எல்லோரும் அதை சல்லடை மாதிரி கற்பனை செய்கிறோம். ஓட்டையைவிடப் பெரியது மாட்டிக்கொள்ளும், சின்னது போய்விடும் என்று. அப்படி இல்லை. ஃபில்டரின் இழைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி, அது பிடிக்கும் பல துகள்களைவிடப் பெரியது. கனமான துகள் காற்றோடு சேர்ந்து வளைந்து திரும்ப முடியாமல் நேரே போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. வளைவில் வேகமாகப் போகும் லோடு லாரி மாதிரி. மிக நுண்ணிய துகளோ காற்று மூலக்கூறுகள் இடிக்க இடிக்கத் தள்ளாடி, எங்காவது ஒரு இழையைத் தொட்டு மாட்டிக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே, சுமார் 0.1 முதல் 0.3 மைக்ரான் வரை உள்ளதுதான் பிடிபடாத ரகம். புகை பெரும்பாலும் இந்த அளவில்தான் வரும். அதைப் பிடிக்கத்தான் இழைகளுக்கு நிலைமின்னூட்டம் ஏற்றுகிறார்கள். கொரோனா காலத்தில் என்95 மாஸ்க்கை சோப்பு போட்டுத் துவைக்காதீர்கள் என்று சொன்னார்களே, அதே காரணம். துவைத்தால் துணி இருக்கும், சார்ஜ் இருக்காது. டீசல் கரி படியப் படிய, துவைக்காமலே கூட அந்த சார்ஜின் பலம் குறையும். கம்ப்ரசரில் ஊதினால் கண்ணுக்குத் தெரிகிற மண் போகும், போன சார்ஜ் திரும்ப வராது. அழுத்தம் அதிகமானால் இழைகள் விலகி, முன்னைவிட மோசமாகவும் ஆகலாம்.

சரி, புதிது வாங்கலாம் என்று கடைக்குப் போனால் முதல் குழப்பம் பெயரில். 'ஏர் ஃபில்டர்' என்று கேட்டால் எஞ்சினுக்கான ஃபில்டரைத்தான் எடுத்து வைப்பார்கள். 'ஏசி ஃபில்டர்' அல்லது 'கேபின் ஃபில்டர்' என்று கேட்க வேண்டும். இன்னொரு விஷயம்: நம் நாட்டில் விற்ற சில குறைந்த விலைக் கார்களில் ஃபில்டருக்கான இடம் மட்டும் இருக்கும், ஃபில்டர் இருக்காது. பழைய கார் வாங்கியவர்கள் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.

கடையில் பொதுவாக மூன்று வகை கிடைக்கும். வெள்ளையாக இருக்கும் சாதா தூசி ஃபில்டர். சாம்பல் நிறத்தில் கார்பன் சேர்த்தது. 'ஹெப்பா' என்று அட்டையில் எழுதி விலை ஏற்றியது. கார்பன் என்பது பெரும்பாலும் தேங்காய்த் தொட்டியைச் சுட்டுச் செய்கிற கரிதான். காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் பெரிய தொழில். ஒரு கிராம் கரியின் உள்துளைகளை விரித்தால் சுமார் 1000 சதுர மீட்டர் பரப்பு வரும். வாடை, டீசல் நெடி எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். நிரம்பிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும். ஆனால் கார்பன் மோனாக்சைடை இந்தக் கரி பிடிக்காது. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் உட்காருகிறவர்களை எந்த ஃபில்டரும் காப்பாற்றாது.

நான் முதலில் ஹெப்பாதான் வாங்கப் போனேன். அப்பாவுக்காக என்றபோது விலை பார்க்கத் தோன்றவில்லை. பழைய ஃபில்டரை டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் மனசு மாறியது. அதன் ஒரு பக்க ஓரம் முழுக்கக் கோடு போட்ட மாதிரி மண் படிந்திருந்தது. அதாவது காற்று ஃபில்டர் வழியாகப் போகாமல், ஓரத்து இடைவெளி வழியாகக் குறுக்கே போயிருக்கிறது. காற்றும் நம்மைப் போலத்தான், எளிய வழி இருந்தால் அதில்தான் போகும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 10 சதவீதக் காற்று ஓரமாக நழுவுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 99.9 சதவீதம் பிடிக்கும் ஃபில்டர் போட்டாலும் கையில் கிடைப்பது 90க்கும் கீழே. அதோடு முடியவில்லை. ஃபில்டர் அடர்த்தியாக இருக்க இருக்கக் காற்றுக்குத் தடை கூடும். தடை கூடினால் ஓரமாக நழுவும் பங்கும் கூடும். காரில் இருப்பது சின்ன ப்ளோயர், ஹெப்பாவுக்கென்று செய்ததல்ல. மொத்தக் காற்றோட்டம் 70 சதவீதமாகக் குறைந்தால், இடைவெளியே இல்லாவிட்டாலும்கூட, அது சுத்தம் செய்து தருவது 0.7 பெருக்கல் 99.9, அதாவது சுமார் 70 பங்கு. காற்றைத் தடையில்லாமல் விடும் 80 சதவீத ஃபில்டர், ஓரம் அடைத்து உட்கார்ந்தால், 80 பங்கு தரும். காருக்குள்ளேயே காற்றைச் சுற்றவிடும்போது இந்தப் பெருக்குத்தொகைதான் முக்கியம். வீட்டு ஏர் ப்யூரிஃபயர்களை மதிப்பிடுவதும் இந்தக் கணக்கில்தான். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் காரில் மாறும். ஆனால் தேர்வு செய்யும்போது நான் பார்ப்பது வரிசைப்படி: அளவு சரியாக இருக்கிறதா, ஓரத்தில் ஃபோம் இருக்கிறதா, மடிப்புகள் சீராக நிற்கின்றனவா. அட்டையில் எழுதிய சதவீதம் கடைசியில்தான்.

சுற்றவிடும் பட்டன் இருக்கிறதே, காருக்குள் அம்பு வளைந்த படம் போட்டது, அதுதான் இந்த விஷயத்தில் நமக்கு இலவசமாகக் கிடைத்த ஆயுதம். பெரும்பாலான கார்களில் சுற்றும் காற்றும் அதே ஃபில்டர் வழியாகத்தான் திரும்ப வரும். 60 சதவீதம் பிடிக்கும் சாதா ஃபில்டர்கூட, அதே காற்று மூன்று முறை கடந்தால் சுமார் 94 சதவீதத்தைப் பிடித்துவிடும். அதற்காக செஞ்சியிலிருந்து சென்னை வரை அப்படியே விட்டுவிடக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளியே விடுகிறார். நாலு பேர், 3000 லிட்டர் கார். கசிவே இல்லை என்று வைத்தால் நிமிடத்துக்கு 400 பி.பி.எம். ஏறும். வெளிக்காற்றில் மொத்தமே 420 சொச்சம்தான். கசிவு இருப்பதால் நிஜத்தில் அவ்வளவு வேகமாக ஏறாது. ஆனாலும் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவருக்கு வரும் கொட்டாவியில் இதற்கும் பங்குண்டு. கல் லாரி பின்னால் மாட்டினால் சுற்றவிடுவேன், தாண்டியதும் திறந்துவிடுவேன். இதுதான் இப்போது என் வழக்கம்.

கல் லாரி என்று சும்மா சொல்லவில்லை. செஞ்சி, திண்டிவனம், வானூர் வட்டாரம் முழுக்கக் கருங்கல் நாடு. கிரஷர் தூசியில் குவார்ட்ஸ் உண்டு. நுண்ணிய சிலிக்கா நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, அங்கே வேலை செய்கிறவர்களுக்கு சிலிகோசிஸ் வருவது இதனால்தான். நாம் அந்த இடத்தைக் கண்ணாடி ஏற்றிக்கொண்டு இரண்டு நிமிஷத்தில் தாண்டிவிடுகிறோம், அவர்கள் முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்கிறார்கள். திண்டிவனம் - கிருஷ்ணகிரி சாலையை வருஷக்கணக்கில் அகலப்படுத்தியபோது அந்த வழியில் போனவர்களுக்கும் செம்மண் புழுதி நன்றாகவே பழக்கம். கிரஷர் தூசி, செம்மண், ரோட்டில் காயும் உளுந்துப் பொட்டு இவற்றில் பெரும்பகுதி பெருந்துகள்தான். சாதா ஃபில்டர் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் நிரம்பும். சென்னையில் பிரச்சினை வேறு, அங்கே புகை. 2018 போகியன்று விமானங்களே தாமதமானது ஞாபகம் இருக்கும். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்கள் கார்பன் வகைக்குக் கூடுதல் காசு கொடுத்தால் தப்பில்லை.

மாற்றுவது பத்து நிமிட வேலை. எஞ்சினை அணைத்து, க்ளவ் பாக்ஸைக் காலி செய்து, இரண்டு பக்கமும் உள்நோக்கி அமுக்கினால் தொங்கும். சில கார்களில் பக்கத்தில் ஒரு மெல்லிய இணைப்பு இருக்கும், இழுத்துவிடாமல் கழற்றுங்கள். பழையதை எடுக்கும் முன் ஃபோனில் ஒரு படம்; அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பிறகு சண்டை வராது. மெதுவாக, சாய்க்காமல் இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே இருக்கும் குப்பை ப்ளோயருக்குள் விழும். எலி வந்த அடையாளம் இருந்தால் தட்டி உதறாதீர்கள். மாஸ்க் போட்டு, அப்படியே கவரில் போட்டுக் கட்டிவிடுங்கள். அந்தக் குழியை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் புதியதைச் சொருக வேண்டும். ஏசி வாடைக்குப் பாதிக் காரணம் ஃபில்டரைத் தாண்டிய மண், ஈரமான கூலிங் காயிலில் சேறாகப் படிவதுதான். அதை ஃபில்டர் மாற்றிச் சரிசெய்ய முடியாது, தனியாகக் கழுவ வேண்டும். என் காரில் அதையும் செய்ய வேண்டியிருந்தது.

கையேடுகள் பலவற்றில் 15,000 அல்லது 20,000 கிலோமீட்டர் என்று போட்டிருக்கும், தூசியான சாலை என்றால் சீக்கிரம் என்று கீழே சின்ன எழுத்தில். நம் சாலை அந்தச் சின்ன எழுத்துக்குள்தான் வரும். புது ஃபில்டரின் சட்டத்தில் மார்க்கரால் தேதி எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த சர்வீஸில் 'கிளீனிங்' என்று பில் வந்தால் முதலில் தேதியைப் பார்ப்பேன். அப்பா இப்போது கண்ணாடியை இறக்கச் சொல்வதில்லை, சில்லுனு இருக்கு ஏசியைக் குறைடா என்கிறார். மல்லாட்டை பிடுங்குகிற சமயத்தில் ஒருமுறை எலிக்காகத் திறந்து பார்க்க வேண்டும். கார்த்திகை மழை விட்டதும் இன்னொரு முறை. ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்திருந்தால் கிலோமீட்டர் கணக்கு கிடையாது, நேரே குப்பைதான்.