திரிமரம் யாது?

பயன் ஒழிந்த அடுக்களைக் கருவியொன்று கிடைப்பின், அது எத்தானியத்திற்கு உதவியதென்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும். மரத்தாலோ மண்ணாலோ இயன்ற திரிகையைக் காண்போர், அதனை மாவரைக்குங் கல்திரிகையின் மாற்றுருவென எளிதிற் கொண்டுவிடுவர். அது பொருந்தாது.

1965-இல் சேலத்தினின்று பிரிந்த தருமபுரி மாவட்டத்தில் கேழ்வரகும் சாமையும் பண்டுதொட்டு விளைவன. கேழ்வரகு, கதிரடித்த அளவிலே உமி நீங்குவது. அதற்கு வேண்டுவது மாவாக்குங் கல்லே. சாமையும் வரகும் வன்மையான உமி உடையன. அவற்றை அரிசியாக்கல் வேண்டும். கல்லொடு கல் உரசின் அரிசி நொறுங்கும். ஆகலின், உமி நீக்குந் திரிகையின் உராயும் முகங்களிற் களிமண் பூசினர். மென்மையான அம்மண் உமியை மட்டும் கழற்றும். பின்னர் முறத்தாற் புடைப்பர். எனவே, கொத்திய கல்முகம் மாவுக்கும், மண்பூசிய முகம் அரிசிக்கும் உரியன என்க.

இவ்வேறுபாடு இலக்கியப் பொருள் காண்டற்கும் உதவும். பெரும்பாணாற்றுப்படை, முல்லைநிலத்துச் சீறூரிற் பந்தரின்கண் நின்ற திரிமரத்தை யானையின் காலொடு உவமிக்கின்றது. நச்சினார்க்கினியரும் அதனை வரகு திரிக்குங் கருவியென்றே கொண்டார். தட்டையான கல்லை உளங்கொள்வார்க்கு இவ்வுவமை சிறவாது. உயர்ந்து திரண்ட மரத்திரிகையை உளங்கொள்வார்க்கு நன்கு விளங்கும். மரம் என்னுஞ் சொல்லும் அதற்குச் சான்றாம்.

ஆலைகள் பெருகியபின் இக்கருவி அருகிற்று. திரிகை என்னும் ஒரு சொல்லுள் இரண்டனையும் அடக்கிவிடின், பாட்டின் பொருளும் உடன் மறையும். ஆதலின், இதனைச் சுழற்றியறிந்த மூதாட்டியர் உள்ளபொழுதே இதன் உறுப்புப் பெயர்களைத் தொகுத்தல் தமிழ் மாணாக்கர் கடனென யாம் கருதுகின்றோம்.